பாட்டியையும் குழுவில் சேருங்கள்

கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்கிற அப்பாவோ அம்மாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஷிப்ட் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட முடியுமா? முடியாது என்பார். எந்த மெஷின் தகராறு செய்தது, எந்த லாட் பாதியில் நிற்கிறது, எதில் கைவைக்கக் கூடாது என்று அடுத்த ஷிப்ட் ஆளிடம் சொல்லி, எழுதியும் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். ‘பாஸ்டவுன்’ என்பார்கள். 1996இல் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இடம் இது. இன்பினியோன் நிறுவனத்தின் ஆலை 2006 முதல் இங்கே இயங்குகிறது. இப்படிப்பட்ட ஆலையில் ஒரு சிலிக்கன் வட்டு சில்லுகளாக வெட்டப்படும் நிலைக்கு வருவதற்குள் நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டுகிறது. பலருடைய கைக்கு மாறுகிறது. முன்னவர் செய்தது பின்னவருக்குத் தெரியாவிட்டால் வட்டு குப்பைக்குப் போகும்.

ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையும் இப்படித்தான் பல கை மாறுகிறது. அந்தக் குழந்தைக்குத்தான் பெரும்பாலும் பாஸ்டவுன் கிடையாது. என் குறையே அதுதான்.

மாணவர்களே, ஆட்டிசம் என்பது தொற்றுநோயல்ல. தடுப்பூசியால் வருவதுமல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. 1943இல் லியோ கன்னர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது முதலில் விரிவாக வெளிவந்தது. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் மாறினால் கலக்கம், சில ஒலிகளையோ தொடுதலையோ தாங்க முடியாமை ஆகியவை இதன் பொதுவான அடையாளங்கள். ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது. நீங்கள் ஒளிப் பாடத்தில் படித்த ‘நிறமாலை’ என்ற சொல்லை இங்கேயும் பயன்படுத்துவது அதனால்தான்.

பாடாங் செராயிலோ லூனாஸிலோ குடியிருக்கும் ஐந்து வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனை ‘தம்பி’ என்றே அழைப்போம். சில மாதங்களுக்கு ஒருமுறை அரசாங்க மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் பார்க்கிறார். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். பொத்தான் போடுவது, கரண்டி பிடிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர். எல்லை தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தனியார் மையத்தில் நடத்தைப் பயிற்சியாளர். பாலர் பள்ளியில் ஆசிரியை. வீட்டில் அம்மா, 12 மணி நேர ஷிப்டில் வேலை செய்யும் அப்பா, பகல் முழுதும் அவனோடு இருக்கும் பாட்டி, மாலையில் பள்ளி முடிந்து வரும் அக்காவாகிய நீங்கள். எண்ணிப் பாருங்கள், ஒன்பது பேர். இந்த ஒன்பது பேரும் ஒரே இடத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருப்பார்களா?

பேசாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்தால் போதாதா? நடத்தைப் பயிற்சி என்பது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், போதாது என்பது புரியும்.

நடத்தைப் பயிற்சியின் அடிப்படை மூன்று கட்டம் கொண்ட ஓர் அட்டவணை. ஒரு நடத்தைக்கு முன்பு என்ன நடந்தது, நடத்தை எது, அதற்குப் பின்பு என்ன கிடைத்தது. தம்பி தரையில் புரண்டு அழுகிறான் என்று வையுங்கள். முன்பு: அப்பாவின் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். பின்பு: கைப்பேசி திரும்பக் கிடைத்தது. அழுதால் கிடைக்கிறது என்று தம்பி கற்றுக்கொள்கிறான். இதில் பிடிவாதம் ஒன்றுமில்லை. நாம் எல்லாருமே இப்படித்தான் கற்கிறோம். ஒரு செயலுக்குப் பின் வரும் பலன் அந்தச் செயலை வலுப்படுத்துவதை ‘வலுவூட்டல்’ என்கிறார்கள். எனவே பயிற்சியாளர் என்ன செய்வார்? அழுகைக்குப் பதிலாக வேறு ஒரு வழியைக் கற்றுக் கொடுப்பார். கைப்பேசிப் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டினால் ஐந்து நிமிடம் கிடைக்கும். மணி அடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மையத்தில் நான்கு வாரத்தில் தம்பி அதைக் கற்றுவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். அப்பா இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறார். பிள்ளை அழுதால் அவர் தூக்கம் கெடும்; தூக்கம் கெட்டு இரவில் மெஷின் முன்னால் நிற்பது ஆபத்து. அதனால் பாட்டி மூன்று முறை மறுத்துவிட்டு நான்காவது முறை கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறார். பாட்டியின் மேல் தப்பில்லை. ஆனால் அறிவியல் இங்கே கருணை காட்டாது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1957இல் வெளியிட்ட பெரிய நூல் முழுவதும் இதைப் பற்றிய சோதனைகள்தாம். ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்து, பிறகு ஒரேயடியாக நின்றுபோனால், அந்த நடத்தை சீக்கிரம் மறையும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைத்தால், மறைய வெகுநாள் ஆகும். நாலு நம்பர் கடை முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். எப்போதோ ஒருமுறை விழுந்த பரிசுதான் அவர்களை வருடக்கணக்கில் நிற்க வைக்கிறது. பாட்டியின் நான்காவது முறையும் அப்படித்தான். ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்ளும் வீடு, தான் அறியாமலே, அழுகையை இன்னும் உறுதியாகக் கற்பிக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொடுத்துக்கொண்டிருந்த பலனை நிறுத்தும்போது அழுகை உடனே குறையாது. பல நேரம் முதலில் அதிகமாகும். இதைப் பயிற்சியாளர் முன்கூட்டியே பாட்டியிடம் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அப்பாவின் ஷிப்ட் அட்டவணையைப் பயிற்சியாளர் கேட்டிருந்தால், இரவு ஷிப்ட் இல்லாத வாரத்தில் இதைத் தொடங்கச் சொல்லியிருப்பார். இரண்டும் நடக்கவில்லை. பயிற்சியாளரிடம் இருந்த தகவலும் குடும்பத்திடம் இருந்த தகவலும் சந்திக்கவே இல்லை.

நான் சொல்வது வெறும் ஊகமல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஐவர் லோவாஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்று முதல் நான்கு ஆண்டு கழித்து மீண்டும் பார்த்து, 1973இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் வளர்ந்த குழந்தைகள் தொடர்ந்து முன்னேறியிருந்தார்கள். காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் கற்றதை இழந்திருந்தார்கள். இழந்தவர்களுக்குச் சிறிது காலம் மீண்டும் பயிற்சி கொடுத்தபோது பழைய திறன் தற்காலிகமாகத் திரும்பியது. பயிற்சி அறையில் ஏற்றிய விளக்கு, வெளியே எண்ணெய் ஊற்ற ஆளிருந்தால்தான் எரிகிறது. 1977இல் ஸ்டோக்ஸ், பேயர் என்ற இருவர் இதே துறையின் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கிண்டலான பெயர் வைத்தார்கள்: ‘பயிற்சி கொடு, பிறகு நம்பிக்கொண்டிரு’. ஓர் அறையில் கற்றது வேறிடத்துக்குத் தானாகப் போய்விடும் என்று நம்பி விட்டுவிடுவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். நீங்கள் டியூஷனில் போட்ட கணக்கு தேர்வு மண்டபத்தில் வராமல் போவதுண்டல்லவா, அதுபோல.

லோவாஸ் பெயரைச் சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 1960களில் அவருடைய கூடத்தில் குழந்தைகளை அடித்தார்கள், மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். 1987இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் அளவுக்கு வந்ததாகச் சொன்னார். எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கல் முறையில் அவர் முடிவு செய்யவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மாறி, தற்சார்பு மாறி என்று தமிழ்ப்பள்ளியிலேயே எழுதிப் பழகிய உங்களுக்கு இதன் பலவீனம் புரியும். 2018இல் வெளிவந்த காக்ரேன் மறுஆய்வு இத்தகைய தீவிரப் பயிற்சி பற்றிய 5 ஆய்வுகளை, மொத்தம் 219 குழந்தைகளை, சேர்த்துப் பார்த்தது. ஓரளவு பயன் இருக்கலாம், சான்று வலுவாக இல்லை என்பதுதான் அதன் முடிவு. யாராவது ‘உறுதியாகக் குணமாக்குவோம்’ என்று முகநூலில் விளம்பரம் செய்தால், எச்சரிக்கையாக இருங்கள். அடியையும் அதட்டலையும் பயிற்சி என்று சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையை உடனே வெளியே கொண்டுவர வேண்டும்.

குடும்பத்தைக் குழுவில் சேர்ப்பதற்கு எதிராக நிபுணர்கள் சிலர் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. பெற்றோர் உணர்ச்சிவசப்படுவார்கள், முறையாகச் செய்ய மாட்டார்கள், பாதியில் விட்டுவிடுவார்கள். இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய கறை இருக்கிறது. 1950களிலும் 60களிலும், தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹெய்ம் போன்றவர்கள் பரப்பினார்கள். எத்தனை தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்திருப்பார்கள்! அதை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தகப்பனும்கூட. ஆட்டிசத்துக்குக் காரணம் உடலியல் சார்ந்தது என்று 1964இல் நூல் எழுதி வாதிட்டார். அடுத்த ஆண்டே மற்ற பெற்றோருடன் சேர்ந்து சங்கம் தொடங்கினார். நம் நாட்டிலும் கதை அதுவே. நாசோம் எனப்படும் மலேசிய தேசிய ஆட்டிசம் சங்கத்தை 1987இல் பெற்றோரும் துறைசார்ந்தவர்களும் சேர்ந்துதான் அமைத்தார்கள். பெற்றோர் வந்து கதவைத் தட்டியிராவிட்டால் பல நிபுணர்களுக்கு வேலையே இருந்திருக்காது என்று நான் சற்றுக் குறும்பாகவே சொல்வேன்.

பயிற்சி பெறாத குடும்பத்தால் முடியாது என்பதற்கும் ஒரு நல்ல பதில் 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தது. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஆய்வு அது. ஆட்டிசம் உள்ள, 2 முதல் 9 வயது வரையிலான 65 குழந்தைகளின் குடும்பங்கள் கலந்துகொண்டன. சிறப்பு நிபுணர் போதுமான அளவில் இல்லாத ஊர்கள். எனவே சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்தில் 12 அமர்வு. தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, பிறகு தாயோடு உட்கார்ந்து அதையே போட்டுப் பார்ப்பார்கள். இங்கே பிள்ளை உங்களைப் பார்த்தது, நீங்கள் கவனித்தீர்களா என்று கேட்பார்கள். இது அட்டவணை போட்டுச் செய்யும் நடத்தைப் பயிற்சி அல்ல. தகவல் பரிமாற்றத்தை வளர்க்கும் வேறு வகை. ஆனால் நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் தருவது கூடியது. பிள்ளைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். கோவாவில் முடிந்தது கூலிமில் ஏன் முடியாது?

முடிவதற்குத் தடையாக இருப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எல்லையைத் தாண்டிப் பினாங்கு மாநிலத்துக்குப் போனால் சனியும் ஞாயிறும். மையத்தில் பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கூலிம் பிள்ளைக்கும் ஆசிரியைக்கும் அது பள்ளி நாள். ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு எந்த நாள் விடுமுறை என்பது அவருடைய அட்டவணையைப் பார்த்தால்தான் தெரியும். கூட்டத்துக்கு வராத அப்பாவை அக்கறையில்லாதவர் என்று முத்திரை குத்துவது எளிது. இரவு எட்டு மணிக்கு இருபது நிமிடம் கைப்பேசியில் பேசலாமா என்று கேட்பதும் அவ்வளவு கடினமல்ல.

அடுத்தது மொழி. மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். பள்ளி மலாயில் எழுதுகிறது. தம்பியோடு நாள் முழுக்க இருக்கும் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பாட்டியால் படிக்க முடியாத அறிக்கை, என்னைப் பொறுத்தவரை, பாதி அறிக்கைதான். அரைப் பக்கத்தில் தமிழில் மூன்று வரி போதும்: இந்த மாதம் எதைப் பழக்குகிறோம், அவன் செய்தால் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன செய்ய வேண்டும். இதோடு இன்னொரு வழக்கமும் இருக்கிறது. குழந்தை குழம்பிவிடும், வீட்டில் தமிழை விட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்று அறிவுரை சொல்வது. இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், இரண்டாவது மொழியால் அவர்களுடைய பேச்சு வளர்ச்சி கெடுவதாகக் காணவில்லை. மாறாக, பாட்டியின் மொழியைப் பறித்தால் வீட்டில் அவனோடு அதிகம் பேசக்கூடிய ஆள் ஊமையாகிவிடுகிறார்.

எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘பெற்றோர் பங்கேற்பு’ என்ற அழகான பெயரில் அம்மா வேலையை விடுவதும், தாமே தெரபிஸ்டாகி இரவுபகல் உழைத்து ஓய்ந்துபோவதும் நடக்கிறது. அது ஒத்துழைப்பு ஆகாது, செலவைக் கைமாற்றுவதாகும். குழு என்றால் நிபுணரும் இறங்கி வர வேண்டும். மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கோ பள்ளிக்கோ போய்ப் பார்க்க வேண்டும். இந்தச் சிந்தனை நமக்குப் புதிதும் அல்ல. பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையத் திட்டத்தைச் சமூகநல இலாகா 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியபோது இருந்த எண்ணமே, மாற்றுத்திறனாளி வாழும் ஊருக்குள் போய், அவருடைய குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வதுதான். பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புகளில் ஒவ்வொரு மாணவருக்கும் ஆர்பிஐ என்ற தனிநபர் கல்வித் திட்டம் எழுதுகிறார்கள். அதில் வீட்டாரின் பங்கு கடைசிப் பக்கத்துக் கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது. முதல் பக்கத்தில் எதை இலக்காக வைப்பது என்று தீர்மானிக்கும்போதே அவர்களைக் கேட்க வேண்டும்.

இலக்கு என்ற சொல்லில்தான் பெரிய சண்டை இருக்கிறது. சிறுவயதில் நடத்தைப் பயிற்சி பெற்று இன்று பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், எங்களைக் கண்ணைப் பார்த்தே பேசச் சொல்லி வற்புறுத்தினீர்கள், கைகளை ஆட்டக் கூடாது என்று அடக்கினீர்கள், அது யாருக்காக என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கையை ஆட்டுவது தம்பிக்கு மனத்தை அமைதிப்படுத்தும் வழியாக இருக்கலாம். விருந்தினர் முன்னால் நமக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக அதை நிறுத்த வேண்டுமா? சாலையில் ஓடாமல் இருப்பது, வலிக்கிறது என்று சொல்லத் தெரிவது, கழிப்பறைக்குத் தானே போவது போன்றவை தம்பிக்கே பயன்படும் இலக்குகள். ஒன்பது பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இந்த வேறுபாடு வெளிப்படும். பத்தாவது ஆளாகத் தம்பியும் அங்கே இருக்கிறான். அவனுக்குப் பேச்சு வராவிட்டாலும், ‘போதும்’ என்ற அட்டையை அவன் நீட்டினால் அந்த அமர்வு நிற்க வேண்டும். நிற்காத இடத்தில் அந்த அட்டைக்குப் பொருளே இல்லை.

உங்களில் சிலருக்கு இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். வீட்டில் தெரபிஸ்ட் வேலை பார்க்க உங்களை யாரும் அழைக்கவில்லை. உங்களுக்கு எஸ்பிஎம் இருக்கிறது. ஆனால் அளவெடுக்கவும் பதிவு செய்யவும் பள்ளியில் கற்றிருக்கிறீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அது பயிற்சியாளரிடம் போகட்டும், ஆசிரியையிடம் போகட்டும், வீட்டுக்குத் திரும்பி வரட்டும். அதன் பக்கங்களைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அது தம்பியின் சொந்த விஷயம். ‘மோசமாக அழுதான்’ என்று எழுதாதீர்கள். எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். ‘திடீரென்று’ என்றும் எழுதாதீர்கள். முன்னால் என்ன நடந்தது என்று பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்குத் தெரியும். பாட்டிக்கு எழுத வராது என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். தேதி, நேரம், முன்பு, நடத்தை, பின்பு என்று ஐந்து கட்டம் போட்டு, பாட்டி சொன்ன சொல்லை மாற்றாமல்.